ஒன்பது போடாத லாரிகள்

லாரிக்குப் பின்னால் பைக்கில் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் புகையைத் திட்டுவார்கள். நான் எழுத்தைத் திட்டுவேன். நாமக்கல் பட்டறையில் பாடி கட்டி வெளியே வந்த லாரி என்றால் பின்பலகையில் இரண்டு வரிக் கவிதை இருக்கும். அதற்குக் கீழே வலது மூலையில் நெல்லிக்காய் அளவில் ஒரு ஒன்பது இருந்துவிட்டால் போதும், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. எல்லா லாரியிலும் அந்த ஒன்பது இருக்காது என்று எனக்கும் தெரியும். என் கண்ணில் படுகிற லாரியில் மட்டும் எப்படியோ இருந்து தொலைக்கும்.

அந்த ஒன்பது என் கல்லூரித் தோழனின் பனியன் எண். கபடி ஆட்டக்காரன், கவிஞன், கடைசியில் லாரிகளுக்கு எழுத்து எழுதியவன். செத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. செத்தவன்மேல் பொறாமைப்படலாமா என்று கேட்பீர்கள். நான் தமிழாசிரியன், இரண்டு கவிதைத் தொகுப்பு போட்டிருக்கிறேன். இரண்டும் கட்டுப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. வீடு கூட்டும்போது என் மனைவி விளக்குமாற்றால் அவற்றை ஒரு தட்டுத் தட்டி நகர்த்திவிட்டுக் கூட்டுவாள். அவன் உயிரோடு இருந்தவரை ஒரு புத்தகமும் போடவில்லை. அவன் வரிகள் அசாம் வரைக்கும் போய்த் திரும்பி வருகின்றன. பொறாமைப்படாமல் இருக்க நான் என்ன மகானா?

நாங்கள் நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் படித்தோம். நான் தமிழ் இலக்கியம், அவன் வணிகவியல். அவனுக்கு வெண்ணந்தூர், வீட்டில் தறி ஓடும், விவசாயத்துக்குக் கொஞ்சம் காடும் உண்டு. விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. கல்லூரியில் கவிஞன் என்றால் முதல் வருடம் முழுக்க நான்தான். ஆண்டு விழாவுக்கு வரவேற்புக் கவிதை நான், பேராசிரியர் ஓய்வுபெற்றால் வாழ்த்துக் கவிதை நான். எந்தக் கவிதையும் நாற்பது வரிக்குக் குறையாது. அவன் கபடிதான் ஆடினான். ஆடட்டும், எனக்கென்ன என்று இருந்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, ஆடினால் அப்படி ஆடுவான். அணியில் நானும் இருந்தேன், எக்ஸ்ட்ராவாக. மூன்று வருடமும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து அவன் துண்டையும் செருப்பையும் பார்த்துக்கொண்டேன். மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ என்று சொல்லிக்கொண்டே எதிரணிப் பக்கம் போய் ஆளைத் தொட்டுவிட்டு வருவதை எங்கள் பக்கத்தில் பாடிப் போவது என்பார்கள். பயிற்சியின்போது அவன் கபடி என்று சொல்லவே மாட்டான். வாயில் வந்த வரியைப் பாடிக்கொண்டு போவான். போய்த் திரும்புவதற்குள், ஒரே மூச்சுக்குள், வரி அடங்க வேண்டும். அடங்காத சொல்லை அடுத்த தடவை போகும்போது உதறிவிடுவான். பத்துத் தடவை போய்வந்தால் ஒரு கவிதை தேறிவிடும். அதைத் தாளில்கூட எழுத மாட்டான். நான் அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு அகராதியைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

ஒருமுறை கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டம். இரண்டு அணியும் சமமாக நிற்கிறது, கடைசிப் பாட்டுக்கு இவன் போகிறான். பழக்க தோஷம், கபடியை மறந்துவிட்டு அவன் வரியைப் பாடிவிட்டான்.

“தொட்டுவிட்டு ஓடுகிறேன், துரத்தி வா,
அதற்குத்தானே தொட்டேன்.”

நடுவர் விசிலை ஊதி அவுட் கொடுத்துவிட்டார். கபடி என்று சொல்லாவிட்டால் ஆள் காலி, அதுதான் சட்டம். கோப்பை போனது. எங்கள் பயிற்சியாளர் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளுக்குள் குதூகலித்தேன், ஒழிந்தான் என்று. மறுநாள் பார்த்தால் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேர் வாயிலும் அந்த வரிதான். தோற்ற ஆட்டத்தில்கூட அவன்தான் ஜெயித்தான். என் நாற்பது வரியில் ஒன்றைக்கூட யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு போய் நான் பார்த்ததில்லை.

அடுத்தது இதைவிட மோசம். சேலத்தில் ஒரு கல்லூரியில் கவிதைப் போட்டி. தலைப்பை அங்கேயே சொன்னார்கள்: பயணம். வீட்டைவிட்டு முதன்முதலாக விடுதிக்குக் கிளம்பிய நாளைப் பற்றி நான் உருகி உருகி நாற்பது வரி எழுதினேன். பக்கத்து மைதானத்தில் ஆட்டம் முடித்துவிட்டு இவன் வந்தான். அதே ஒன்பதாம் எண் பனியன், முழங்காலில் ரத்தம், உடம்பெல்லாம் செம்மண். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் பேனாவை வாங்கி இரண்டே வரி எழுதிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

“சன்னல் சீட்டு கிடைத்துவிட்டது.
கையசைக்கத்தான் ஆள் இல்லை.”

முதல் பரிசு அவனுக்கு, ஒரு எவர்சில்வர் குடம். எனக்கு இரண்டாம் பரிசு, ஒரு சொம்பு. பரிசு வாங்கிய கவிதைகளை மேடையில் படிக்க வைத்தார்கள். பேருந்து நிலையத்தில் அவன் அந்தக் குடம் நிறையப் பொரி வாங்கி, ஊர் வந்து சேரும் வரை அணி முழுக்கத் தின்ன வைத்தான். நான் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ராசிபுரம் தாண்டியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“மாப்ள, நீ மேடையில படிச்சது முச்சூடும் கேட்டேன்டா. அந்த வாசல் இருக்குது பாரு, ரெண்டு வரி, அதுதான் இன்னிக்கி டாப்பு. எம்படத விட அதுதான் நல்லாருக்குது.”

என் கவிதையின் நடுவில் எங்கேயோ அந்த இரண்டு வரி இருந்தது:

“நான் கிளம்பிய பிறகு
எவ்வளவு பெரிது எங்கள் வாசல்.”

“அப்ப மீதி முப்பத்தெட்டு வரி?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் எதுக்குடா?” என்றான் பொரியை மென்றுகொண்டே.

அவன் குத்திப் பேசவில்லை. மனதில் பட்டதைச் சொன்னான். குத்தலாகச் சொல்லியிருந்தால்கூடத் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவனோ நான் பேசாததைக் கவனித்த மாதிரியே இல்லை. அதற்கும் சேர்த்து எரிந்தது.

மூன்றாம் வருடம் பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கம் ஒரு டோர்னமெண்ட். அவன் பாடிப் போனான், நான்கு பேர் சேர்ந்து காலைப் பிடித்தார்கள், முழங்கால் திரும்பிக்கொண்டது. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அவனுக்குப் பதிலாக என்னை இறக்கினார்கள். மூன்று வருடம் காத்திருந்த வாய்ப்பு. முதல் பாட்டிலேயே பிடிபட்டு வெளியே வந்து அதே இடத்தில், அதே துண்டுக்கும் செருப்புக்கும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இனி அவன் ஆட மாட்டான் என்று டாக்டர் சொன்னபோது எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். அந்த அழுகைக்குள் எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

படிப்பு முடிந்ததும் நான் நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் தமிழாசிரியர் ஆனேன். அவன் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில் எழுத்து எழுதும் வேலைக்குச் சேர்ந்தான். கல்லூரி விடுதியின் அறிவிப்புப் பலகையில் அப்போதே அவன்தான் எழுதுவான். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், ‘வா’ எழுதினால் மட்டும் கால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், எதிரணிக் கோட்டைத் தொடப் போகிறவன் மாதிரி. ஓனர் பெயர், ஊர் பெயர், எண் இவற்றை எழுதி முடித்ததும் பின்பலகையில் ஒரு இடம் மிஞ்சும். அதில் ஓனர்கள் ஏதாவது வாசகம் கேட்பார்கள். எல்லோரும் எழுதுகிற பழைய வாசகங்களை எழுத இவனுக்குப் பிடிக்கவில்லை. வண்டியைப் பார்த்து, என்ன சரக்கு, எந்த ஊருக்கு என்று கேட்டு, பட்டறைக்குள் நொண்டிக்கொண்டே இரண்டு தடவை நடந்துவிட்டு வந்து புதிதாக எழுதுவான். ஒரு மூச்சில் சொல்லுகிற கவிதை ஒரு பலகையில் அடங்கிவிட்டது. எனக்கு வாயில் மண்.

முட்டை லாரிக்கு எழுதியது இது:

“மெதுவாக வாருங்கள்.
உள்ளே இருப்பவர்கள் இன்னும் பிறக்கவில்லை.”

கடைக்குப் போகிற முட்டை அது. அடைக்கு வைத்தாலும் பொரிக்காது. அறிவியல்படி பிழை என்று ஆசிரியர் அறையில் பத்துப் பேரிடம் விளக்கினேன். பத்துப் பேரும் சிரித்தார்கள், பிறகு அந்த வரியைத் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று, ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி. அதில் எழுதியிருந்தான்:

“ஆயிரம் அடி இறங்கிப் பார்த்தேன்.
ஊர்க்காரர் கண்ணில் இருந்தது தண்ணீர்.”

இதைப் பரமத்தி சாலையில் ஒரு டீக்கடைக்கு முன்னால் பார்த்தேன். டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பிழை கண்டுபிடிக்க அன்று முழுக்க முயன்றேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

இடையில் ஒரு நாள் பள்ளிக்கே என்னைத் தேடி வந்தான். நகக்கண்ணில் பெயிண்ட், சட்டையில் பெயிண்ட். அன்று பெற்றோர் கூட்டம். என் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. அந்தக் கோலத்தில் அவன் என்னை ‘மாப்ள’ என்று கூப்பிட்டதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உயிர் போயிற்று. கேட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனேன். ஏதோ ஒரு வரியை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். நானும் ஏதோ சொல்லி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். என்ன சொன்னேன் என்பதை அன்று சாயங்காலமே மறந்துவிட்டேன்.

போன வருடம் மாசியில் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவன் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. வெண்ணந்தூரில் எடுத்தார்கள். சாலையின் ஒரு பக்கம் முழுக்க லாரிகள் நின்றன. ஆந்திராவுக்குப் போக வேண்டிய வண்டியை நிறுத்திவிட்டு வந்த டிரைவர்கள் லுங்கியோடு நின்று அழுதார்கள். நான் மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்று என் சாவுக்கு யார் யார் வருவார்கள் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். வெட்கக்கேடுதான். ஆனால் அதைத்தான் செய்தேன்.

நான்கைந்து மாதம் கழித்து அவன் மனைவி போன் செய்தார்.

“ஏனுங்கண்ணா, மொத வருசத்துக்குள்ள அவரு எழுதுனதையெல்லாம் ஒரு பொஸ்தகமாப் போடோணும்னு டிரைவருக சொல்றாங்க. நோட்டுன்னு ஒண்ணும் அவரு வெக்கிலீங்க. எல்லாம் வண்டிலதான் இருக்குது. உங்களத் தவுத்து இதுக்கு வேற ஆரு இருக்கறாங்க? வாத்தியாரு, கவிதையும் எழுதறீங்க.”

மறுக்க முடியவில்லை. ஒன்பது போட்ட லாரியைப் பார்த்தால் பின்பலகையைப் படம் பிடித்து என் எண்ணுக்கு அனுப்பும்படி டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அவர் மகள் செய்தி போட்டாள். இதில் ஒரு அவசரம் இருந்தது. வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ ஒருமுறை லாரியைச் சோதனைக்குக் காட்டி எஃப்.சி. வாங்க வேண்டும். அதற்கு முன்னால் வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். பழைய எழுத்து அதற்கு அடியில் போய்விடும். ஒவ்வொரு மாதமும் அவன் கவிதைகள் சில அப்படிக் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

இது தெரிந்தும் நான் இழுத்தடித்தேன். படங்கள் வந்து குவிந்தன. நாக்பூர், விஜயவாடா, குவாஹாட்டி, எங்கெங்கிருந்தோ. பள்ளி விட்டதும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒன்றிரண்டை நோட்டில் எழுதுவேன். நல்லதாக ஒன்று வந்தால் அன்றைக்கு நோட்டை மூடிவிடுவேன். தேர்வுத்தாள் திருத்த வேண்டும், காய்ச்சல், விருந்தாளி என்று அவன் மனைவிக்குக் காரணம் சொன்னேன். மங்கலாக வந்த படங்களுக்கு, தெளிவாக எடுத்து அனுப்புங்கள் என்று பதில் போடவில்லை. அதற்குள் அந்த வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். எத்தனை கவிதை என்னால் போயிற்று என்று எனக்கே தெரியாது.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் படம் வந்தது. ஒரு செங்கல் லாரி. பின்பலகையில் அதே கையெழுத்து, கால் நீட்டிய அதே ‘வா’.

“நான் கிளம்பிய பிறகு
எவ்வளவு பெரிது எங்கள் வாசல்.”

என் வரி. சேலத்து மேடையில் நான் படித்த என் வரி. அடுத்த வாரம் இன்னொரு லாரி, அதற்குப் பிறகு இன்னும் நான்கு. ஒன்றில்கூட என் பெயர் இல்லை. ஒன்பதும் இல்லை, கையெழுத்தைப் பார்த்துத்தான் அனுப்பியிருந்தார்கள். வரிகள் இரண்டும் பலகையில் கொஞ்சம் மேலே ஏறியிருந்தன, கீழே சும்மா வெறும் பெயிண்ட். வரிசைகூட ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை என்று முதலில் எரிச்சல் வந்தது. அதற்கடுத்து வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? திருடியிருக்கிறான். திருடிய உறுத்தலில்தான் எண் போடவில்லை. ஒன்று திருடியவன் மற்றதையும் எங்கிருந்து எடுத்தானோ, யார் கண்டது? இத்தனை வருடமாக நான் வயிறு எரிந்ததெல்லாம் ஒரு திருடனைப் பார்த்துத்தான். அன்று இரவு சாப்பாட்டை நன்றாகச் சாப்பிட்டேன். “என்ன, இன்னிக்கி மூஞ்சி பளபளங்குது?” என்று மனைவி கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு படங்களையும் பிரிண்ட் போட்டு உறையில் வைத்துக்கொண்டு வெண்ணந்தூருக்குப் போனேன். புத்தகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதாகத் திட்டம். இந்த விஷயம் வெளியே தெரிந்தால் செத்தவன் பெயர் கெடும், அவன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று பேருந்திலேயே பேச்சைத் தயாரித்துக்கொண்டேன். வீட்டில் அவன் மனைவியும் மகளும் இருந்தார்கள். மகள் இப்போது அதே பட்டறையில் எழுத்து எழுதுகிறாள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் நான் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது.

“தங்கச்சி, சொல்றனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பொஸ்தகம் வேண்டாம். அவன் எழுதுனதுல அடுத்தவங்களுது இருக்குது,” என்று படங்களை எடுத்து வைத்தேன்.

அவர் முதல் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். முகத்தில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

“ஏனுங்கண்ணா, இதுல ஒம்பது இல்லீங்களே.”

“அதைத்தானுங்க நானும் சொல்றேன். அவன் எழுதுனதில்லன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்குது.”

“ஆமாங்க. இது உங்களுதுங்க,” என்றார் அவர், எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுகிற மாதிரி. “ஒம்பது போட்டா அவருது. போடாட்டி உங்களுது. பட்டறையில அத்தன பேருக்கும் இது தெரியுமுங்க. புதுசா வண்டி ஏறி மொதமொத ஊட்ட உட்டுப் போறவங்க இதத்தான் கேட்டு வாங்கி எழுதிக்குவாங்க. ஆரு எழுதுனதுன்னு கேட்டா, எங்கூட்டாளி, பெரிய கவிஞன், பேரு மட்டும் போடக் கூடாதுன்னு சொல்லிப்புட்டான்னு சொல்லுவாரு.”

“நானா? நான் எப்பச் சொன்னேன்?”

“பள்ளிக்கொடத்துக்கு வந்து உங்களக் கேட்டாருங்களே. எழுதிக்கோ, ஆனா லாரிக்குப் பின்னால எம் பேரப் பாத்தேன்னா எம் மூஞ்சியிலயே முழிக்காதன்னு சொன்னீங்களாமா. அன்னிக்கி ஊட்டுக்கு வந்து சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. சோறு மட்டும் திங்கலீங்க.”

அந்த நொடியில் எல்லாம் நினைவுக்கு வந்தது. கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடி, கையில் கட்டிய அவன் பழைய வாட்ச், “மாப்ள, அந்த வாசல் ரெண்டு வரியையும் எழுதிக்கட்டுமாடா, கீழ உம் பேரும் போட்டர்றேன்” என்று அவன் கேட்டது, ஒரு பெற்றோர் கார் கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்தது. நான் சொன்ன சொல்லும் அப்படியே நினைவுக்கு வந்தது. அவன் மனைவி சொன்னது கொஞ்சம் நாசூக்கு. நான் சொன்னது இன்னும் கேவலமாக இருந்தது.

 மகள் படத்தை என் பக்கம் திருப்பி, வரிகளுக்குக் கீழே இருந்த வெறும் இடத்தைக் காட்டினாள்.

“மாமா, இந்த எடம் உங்க பேருக்குங்க. அப்பா ஸ்கேல் வெச்சு அளந்துதான் உடுவாரு. உன்ற மாமனுக்கு ஒரு நாளைக்கி மனசு மாறும், அப்ப எழுதிக்கலாம்னு சொல்லுவாரு.”

அவர்கள் காபி கொடுத்தார்கள். குடித்தேனா என்று நினைவில்லை. உறையை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வேலையை வேகமாக முடித்தேன் என்று சொன்னால் அதில் பெருமை ஒன்றும் இல்லை. மங்கல் படங்களுக்கெல்லாம் பதில் போட்டேன். பாதிக்கு மேல், வண்டிக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று சார் என்று திரும்பி வந்தது. கிடைத்ததை வைத்துப் புத்தகம் வந்தது. கபடி மைதானத்தில் வைத்து வெளியிட்டார்கள். டிரைவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று என்று வாங்கி வண்டியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். பார்க்கப் பார்க்க எரிந்தது. திருந்திவிட்டேன் என்று நினைத்தீர்களா? என் தொகுப்பை யாராவது அப்படி வைத்தால் நானும் திருந்தியிருப்பேன். அந்தப் புத்தகத்தில் என் வாசல் வரிகள் இல்லை. ஒன்பது இல்லாததைச் சேர்க்க முடியாது என்று அவன் மனைவி சொல்லிவிட்டார்.

போன மாதம் மகள் போன் செய்தாள். அவன் எழுதிய செங்கல் லாரி எஃப்.சி.க்காகப் பட்டறைக்கு வந்திருக்கிறது, ஒரு எட்டு வந்துவிட்டுப் போகச் சொன்னாள். போனேன். வண்டி முழுக்கப் புதுப் பச்சை அடித்திருந்தார்கள், பின்பலகையில் மட்டும் மகள் அவன் எழுத்தின்மேல் பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டுச் சுற்றிலும் அடித்திருந்தாள். வரிகள் வெயிலில் கொஞ்சம் மங்கியிருந்தன. கீழே அந்த இடம் காலியாக இருந்தது.

“அப்பா எழுத்த அழிக்க எனக்கு மனசு வரலீங்க மாமா. பேரு எழுதட்டுங்களா?”

“ஒம்பது போட்டுடு சாமி,” என்றேன். உண்மையாகவேதான் சொன்னேன். அந்த நாற்பது வரியில் இந்த இரண்டைக் கண்டுபிடித்தவன் அவன்.

“அது பொய்யிங்க. அப்பா வைவாரு,” என்று சொல்லிவிட்டு அவள் மஞ்சள் பெயிண்டில் பிரஷைத் தோய்த்தாள்.

நான் பின்னால் நின்று பார்த்தேன். அவள் கை நிதானமான கை. முதலெழுத்து, புள்ளி, பிறகு என் பெயர். இடப்பக்கம் தொடங்கிய பெயர் வலது மூலையில் சரியாக முடிந்தது. ஒரு எழுத்துக்கு இடம் மிஞ்சவில்லை, ஒரு எழுத்துக்கு இடம் போதாமலும் இல்லை. டிரைவர் வந்து படித்துவிட்டு, “ஆருங்க இது, ஓனருங்களா?” என்று கேட்டார். மகள் என்னைக் காட்டினாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இந்த வரிக்காகத்தானுங்க இந்த வண்டியே ஓட்டறேன்,” என்று கும்பிட்டார்.

வண்டி கிளம்பிச் சேலம் ரோட்டில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் வரி போயிற்று, என் பெயரும் அதோடு போயிற்று. இத்தனை வருடம் நான் ஏங்கியது அதற்குத்தான். ஆனால் அந்தப் பலகையில் அவன் கையால் எழுதப்படாதது என் பெயர் ஒன்றுதான்.